ஏறச் சொல்ல மாட்டேன்

ஜூன் 12, வியாழன்

பள்ளிக்குக் குதிரை வந்து இறங்கியது. ஒரே ஒரு குதிரை. அதற்குள் பொம்மிடி ரயில் நிலையம் வரைக்கும் பிளெக்ஸ் கட்டிவிட்டார்கள்: 'எங்கள் பள்ளியில் குதிரையேற்றப் பயிற்சி!' படத்தில் இருப்பது வெள்ளைக் குதிரை. வந்திருப்பது செம்பழுப்பு. பிளெக்ஸில் பெயர் சுல்தான். வந்திருப்பது பெட்டை. யாரும் சரியாகக்கூடப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

கரஸ்பாண்டென்ட் வீரமணி சார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "பி.டி. டீச்சர், இனிமே இது உன் பொறுப்பு" என்றார். எனக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது சார் என்றேன். சிரித்தார். "வத்தல்மலைக்காரிதானே நீ? மிருகங்களோடதானே பொறந்து வளர்ந்திருப்ப?"

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அதுதான் இப்போது எரிகிறது. எங்கள் வீட்டில் ஆடுகளும் ஒரு கறவையும் இருந்தன, கீழே இருக்கிற யார் வீட்டிலும் இருப்பதுபோல. நான் ஓடி ஜெயித்த பதக்கங்களைக் காட்டி சேலத்தில் சீட்டு வாங்கிப் படித்தவள். மிருகங்களோடு பிறந்தேனாம்!

ஜூன் 14, சனி

சனிக்கிழமைதோறும் வரப்போகிற மாஸ்டர் இன்று வந்தார். ஆரோக்கியராஜ். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரைகளை ஆடப் பழக்குகிறவராம். வந்ததும் லாயத்துக்குள் போனார், பிரம்பால் முன்காலில் ஒன்று போட்டார். குதிரை காதுகளைப் பின்னால் மடித்துப் படிய வைத்துக்கொண்டது. இன்னொன்று போட்டார்.

"ஏங்க அடிக்கிறீங்க? அது ஒண்ணுமே செய்யலையே."

"செய்யறதுக்கு முன்னாடியே அடிச்சுரணும் மேடம். பயம் இருந்தாத்தான் மரியாதை இருக்கும். இது திமிர் புடிச்ச குதிரை, பாத்தாலே தெரியுது."

பார்த்தாலே தெரிகிறதாம். அடித்தால் காதை மடிக்காமல் கைதட்டுமா?

அவர் திரும்பிய சமயம் சட்டைக் கையைக் கவ்வி இழுத்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 19, வியாழன்

இன்று குதிரை மேலேயே கோபம். காலையில் புல் கொண்டு போனேன். கயிற்றோடு கிட்டே போனதும் சுற்றித் திரும்பிப் பின்பக்கத்தைக் காட்டி நிற்கிறது. இந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம். நானா அடித்தேன்? தண்ணீர் வைக்கிறேன், லத்தி அள்ளுகிறேன், ஈ ஓட்டுகிறேன் — எனக்கும் இதே மரியாதைதானா? எட்டாம் வகுப்புப் பசங்கள் வேலிக்கு வெளியே நின்று சிரிக்கிறார்கள்.

வீட்டில் வந்து புலம்பினேன். திருமால் பால் வண்டியைக் கழுவிக்கொண்டே, "கோவம் வந்தா நீயும் முதுகைத்தான் காட்டுற. நான் என்ன, கயித்தை எடுத்துக்கினா வரன்?" என்றார்.

சோறு போடாமல் விட்டிருக்க வேண்டும் இந்த மனுஷனுக்கு.

ஜூன் 26, வியாழன்

கயிறில்லாமல் போனேன். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அதைப் பார்க்கவும் இல்லை. வெகுநேரம் கழித்துத் தோளில் சூடாக மூச்சு. என் முடியை மோந்தது, காதை மோந்தது. கை நீட்டத் தோன்றியது, நீட்டவில்லை.

காதுகளைக் கவனித்தேன். இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனியோடு நுனி தொடுகிற காதுகள். ஒன்று என் பக்கம், ஒன்று சாலைப் பக்கம். லாரி ஹாரன் கேட்டதும் இரண்டும் அங்கே. நான் செருமியதும் ஒன்று திரும்பி வந்தது. இத்தனை நாளும் பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். நாங்கள்தான் கேட்கவில்லை.

சுல்தான் என்று இனிமேல் கூப்பிட முடியாது. செம்பி.

ஜூலை 5, சனி

பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான்.

கால்நடை டாக்டர் நிர்மலா தடுப்பூசி போட வந்தார். கடிவாளத்தைப் பார்த்தாலே தலையை வானத்துக்குத் தூக்கிக்கொள்கிறாள் மேடம் என்றேன். வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். நாக்கில் குறுக்கே பிளவு, பழைய தழும்பின் மேல் புதுக் காயம். உதட்டு ஓரம் இரண்டிலும் புண். ஆரோக்கியராஜ் மாட்டுகிற கடிவாளத்தை எடுத்து வந்து காட்டினேன். அதன் உள்பக்கம் முழுக்க முள். வாரை இழுத்தால் முள் கன்னத்தில் இறங்கும். நான் அதைக் கழுவித் துடைத்து ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன், இத்தனை வாரமும், அழகுக்கு வைத்த வேலைப்பாடு என்று நினைத்து.

"இதை மாட்டுறதே சட்டப்படி தப்புங்க டீச்சர்" என்றார் டாக்டர். "திமிர் இல்ல, வலி. வாய் ஆறுற வரைக்கும் உள்ள எதையும் வைக்காதீங்க. தலைக்கயிறு போதும்."

வலி! அதற்குத் திமிர் என்று பெயர் வைத்து, அதற்கும் அடி!

ஜூலை 7, திங்கள்

வீரமணி சாரிடம் சொன்னேன். கடிவாளத்தை மேசைமேல் வைத்தேன். "இதை ஏன் என் டேபிள் மேல வைக்கிற" என்பதுதான் அவருடைய முதல் வார்த்தை. மாஸ்டருக்கு அனுபவம் இருக்கிறதாம், எனக்கு விசில் ஊதத்தான் தெரியுமாம். கடைசியில் டாக்டர் எழுதிக் கொடுப்பார் என்றதும் இறங்கி வந்தார். வாய் ஆறும்வரை என் வழியில் பழக்கலாம், மாஸ்டர் சேணம் போடுவதை மட்டும் பார்த்துக்கொள்வார்.

முள் கடிவாளத்தை நான் கேட்டேன். தரவில்லை. பள்ளிச் சொத்தாம்.

ஜூலை 30, புதன்

இப்போது நான் படிக்கும் பாடம்: டாக்டர் சொன்னது, போனில் பார்த்த வீடியோக்கள், மீதி செம்பியே சொல்லித் தருவது.

விஷயம் இவ்வளவுதான்: கயிற்றை லேசாக ஒரு பக்கம் பிடிக்க வேண்டும். இழுக்கக் கூடாது, பிடித்தபடி காத்திருக்க வேண்டும். அவள் அந்தப் பக்கம் ஒரு துளி சாய்ந்தாலும் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். விடுவதுதான் நன்றி சொல்வது. நான் தாமதமாக விட்டால் அவளுக்குக் குழப்பம். அவள் தப்பாகச் செய்கிற இடத்தையெல்லாம் பின்னோக்கிப் பார்த்தால் நான்தான் தெளிவாகக் கேட்டிருக்க மாட்டேன்.

அதற்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பதும் இல்லை. இன்று தீவனத்துக்காக என்னைத் தோளால் முட்டித் தள்ளினாள். நகராமல் நின்று, விரலால் மார்பைத் தொட்டு, "பின்னாடி" என்றேன். காதை ஆட்டி யோசித்தாள். ஓரடி பின்னால் போனாள். வாயை மென்றுகொண்டு தலையைத் தாழ்த்தினாள். பிரம்பு இல்லை, கத்தல் இல்லை. அவளுக்கு என் இடம் தெரிந்தது, எனக்கு அவள் இடம். இதைத்தானே மரியாதை என்று சொல்ல வேண்டும்?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஏறினேன்! வாயில் இரும்பு இல்லாமல், தலைக்கயிற்றோடு.

கால்கள் நடுங்கின. என் நடுக்கம் அவள் முதுகில் ஓடியது. மூச்சை நீளமாக விட்டேன், அவளும் விட்டாள். திடல் முழுக்க நடந்தோம். நிறுத்த வேண்டும் என்று நினைத்து மூச்சுவிட்டு இடுப்பைத் தளர்த்தினேன். கயிற்றைத் தொடக்கூட இல்லை, நின்றுவிட்டாள். இறங்கி அவள் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். வாட்ச்மேன் பார்த்துவிட்டார். பார்க்கட்டும்.

செப்டம்பர் 20, சனி

பிள்ளைகளை ஏற்றுகிறேன். முதலில் வெறுமனே நிற்க வேண்டும், காதைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் ஏறுவது. ஹெல்மெட் கேட்டு வாங்கினேன். ஒன்பதாம் வகுப்பு வெண்மதிதான் கெட்டிக்காரி. "மிஸ், இன்னைக்கு இவளுக்கு மூடு சரியில்ல" என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுகிறாள்.

வீரமணி சாருக்கு இது போதவில்லை. "நடக்கறதுக்கா குதிரை வாங்கினேன்? முன்னங்கால் ரெண்டையும் தூக்கி நிக்கணும், மேல ஒரு பாப்பா உக்காந்திருக்கணும். அட்மிஷன் பிளெக்ஸுக்கு அந்தப் படம்தான் வேணும்." முடியாது என்றேன். பிள்ளை விழுந்தால் என்ன ஆகும் என்றேன். "எல்லாத்துக்கும் முடியாது" என்று என்னைப்போலவே பேசிக் காட்டினார்.

அக்டோபர் 11, சனி

விளையாட்டுப் போட்டிக்காகப் பிள்ளைகளை அரூர் கூட்டிப்போயிருந்தேன். மதியம் போன் வந்தது.

நான் இல்லாத நாளாகப் பார்த்து. நான் இல்லாத நாளாகப் பார்த்து!

போட்டோகிராபரை வரவழைத்திருக்கிறார்கள். ஆரோக்கியராஜ் அந்த முள் கடிவாளத்தை மாட்டியிருக்கிறார். வெண்மதியை ஏற்றி உட்காரவைத்து, கீழே நின்று வாரை மேல்நோக்கிச் சுண்டி, முன்காலில் பிரம்பால் அடித்திருக்கிறார். செம்பி எழுந்து நின்றிருக்கிறாள். படம் கிடைத்தது. அப்புறம் இன்னொரு முறை. வெண்மதி பின்பக்கமாக விழுந்துவிட்டாள்.

தோள் எலும்பு முறிவு. தலைக்கு ஒன்றும் இல்லை, ஹெல்மெட் இருந்ததால். படத்துக்கு நன்றாக இருக்காது, கழற்று என்று சொன்னார்களாம். பிள்ளை மறுத்திருக்கிறாள்.

அக்டோபர் 13, திங்கள்

வெண்மதியின் அம்மா ராமக்கா பள்ளிக்கு வந்தார். காட்டு வேலையிலிருந்து அப்படியே. கத்தினார், "அந்தக் குதிரைய சுட்டுப் போடுங்க!" என்று. வீரமணி சார் கைகூப்பிக்கொண்டு, "முரட்டுக் குதிரைங்கம்மா, ஏமாந்துட்டோம், வித்துடறோம்" என்றார். ஆரோக்கியராஜ் தலையைத் தலையை ஆட்டினார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். திருமாலும் காலையில் அதைத்தான் சொன்னார், வேலை முக்கியம் என்று. முடியவில்லை. லாயத்துக்கு ஓடி அந்தக் கடிவாளத்தை எடுத்து வந்து, ராமக்காவின் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்து லேசாக அழுத்தினேன். ஆ என்று கையை இழுத்துக்கொண்டார்.

"இதை அது வாய்க்குள்ள வச்சு இழுத்தாங்கக்கா. நான் வேணாம்னு சொன்னதை, நான் இல்லாதப்ப செஞ்சாங்க. உங்க பொண்ணைத் தள்ளுனது குதிரை இல்ல."

"வாய மூடு!" என்றார் வீரமணி சார்.

ராமக்கா உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் கையை முந்தானையில் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபர் 25, சனி

ஆரோக்கியராஜை நிறுத்திவிட்டார்கள். வெண்மதியின் அப்பா கேள்விமேல் கேள்வி கேட்கிறாராம். ஆனால் செம்பியை விற்பது உறுதி. வாங்கப்போவது யார் என்று விசாரித்தேன். கல்யாணக் குதிரை ஏஜென்ட்.

நவம்பர் 8, சனி

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

காலையில் லாரி வந்தது. பலகையைச் சாய்த்து வைத்து, ஆட்கள் செம்பியை ஏற்றப் பார்த்தார்கள். கயிறு போட்டு இழுத்தார்கள், பின்னாலிருந்து அடித்தார்கள். பலகையில் கால் வைக்கவில்லை. வியர்த்து நுரைத்து, கண்ணின் வெள்ளை தெரிய நின்றாள். வகுப்பிலிருந்த என்னை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

ஓடினேன். என்னைப் பார்த்ததும் கனைத்தாள். அடித்தவனின் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினேன். ஏஜென்ட் சிரித்தான்: "டீச்சரம்மா சொன்னா கேக்குமாமே. ஏத்தி விடுங்க, போயிடறோம்."

வீரமணி சாரும், "சீக்கிரம் ஏறச் சொல்லு" என்றார்.

செம்பி என் தோள்மேல் மூக்கை வைத்துவிட்டாள். மூச்சு மெல்ல மெல்லத் தணிந்தது. நான் பலகையில் நடந்தால் பின்னாலேயே வருவாள், எனக்குத் தெரியும். எங்கே போகிறோம் என்று கேட்கமாட்டாள். இத்தனை மாதமாக நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அதைத்தான் — என் பின்னால் வந்தால் உனக்கு ஒன்றும் ஆகாது என்று. அந்த வார்த்தையை வைத்தே அவளை முள்ளுக்குள் தள்ளச் சொல்கிறார்கள்!

"நான் சொன்னா ஏறுவா சார். அதனாலதான் சொல்ல மாட்டேன்."

"என்ன?"

"சொல்ல மாட்டேன்."

பிள்ளைகள் ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தார்கள். ஏஜென்ட் பார்த்தான், நேரமாகிறது, கூட்டம் சேர்கிறது. "ஏத்தவே முடியாத குதிரைய நா என்னங்க பண்றது? ஆள விடுங்க" என்று லாரியைத் திருப்பிவிட்டான்.

வீரமணி சாருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "அவ்ளோ பாசம்னா நீயே ஓட்டிக்கினு போ! நாளையிலருந்து ரெண்டும் இந்த கேட்டுக்குள்ள வரக்கூடாது!"

ரெண்டும்.

சரிங்க சார் என்றேன். கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றி வாட்ச்மேன் கையில் கொடுத்தேன். கேட்டைத் திறந்து நடந்தேன். கயிறு தளர்ந்தே தொங்கியது, அவள் பக்கத்திலேயே வந்தாள். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வீட்டு வாசலில் திருமால் பால் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒரு கேனைக் கழுவித் தண்ணீர் ஊற்றி அவள் முன்னால் வைத்தார்.

அப்போதுதான் அழுகை வந்தது.

நவம்பர் 14, வெள்ளி

வீரமணி சார் ஆள் அனுப்பினார், குதிரையைத் திருப்பித் தரச் சொல்லி. டாக்டர் நிர்மலா நேரிலேயே போய்ப் பேசினார். முள் கடிவாளம், பிள்ளை விழுந்தது, எல்லாவற்றையும் புகாராக எழுத வேண்டியிருக்கும் என்று சொன்னாராம். அதற்குப் பிறகு குதிரையே வாங்கவில்லை என்பதுபோல் பேசுகிறார். பிளெக்ஸையும் அவிழ்த்துவிட்டார்கள். என் மனசில் இருக்கிற முடிச்சு மட்டும் அவிழவில்லை. ஒரு வார்த்தை, தப்பு என்று ஒரு வார்த்தை அந்த ஆள் வாயிலிருந்து வரவில்லையே!

டிசம்பர் 2, செவ்வாய்

கடத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கேட்டிருக்கிறேன். செம்பி டாக்டரின் தம்பி தோட்டத்தில். காலையும் மாலையும் போகிறேன். பெரியவர்கள் இரண்டு பேர் சவாரி கற்றுக்கொள்ளக் கேட்டிருக்கிறார்கள். முதலில் சும்மா நிற்க வேண்டும் என்றதும் ஒருவர் போய்விட்டார்.

ஜனவரி 11, ஞாயிறு

வெண்மதி வந்தாள். தோள் கூடிவிட்டது. கூட ராமக்கா. நான் எதிர்பார்க்கவில்லை.

வெண்மதி செம்பியின் அருகில் போய்ச் சும்மா நின்றாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் மூச்சும் ஒன்றானது. ஏறவில்லை, "இன்னைக்கு வேணாம் மிஸ், அடுத்த வாரம்" என்றாள். நல்லது என்றேன்.

ராமக்கா வேலியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். உள்ளங்கையை நீட்டினார். செம்பி மோந்தாள், உதட்டால் தடவினாள்.

"நா ஏறிப் பாக்கட்டுங்களா?"

வெண்மதி வாயைப் பிளந்தாள். செம்பியின் முதுகில் திண்டு போட்டு ராமக்காவை ஏற்றினேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மூச்சை விடுங்கக்கா என்றேன். விட்டார். செம்பியின் ஒரு காது பின்னால் அவர் பக்கம் திரும்பியது. தோட்டத்தை ஒரு சுற்று, மெதுவாக. நிறுத்த வேண்டிய இடத்தில் அவராகவே இடுப்பைத் தளர்த்தினார், அவள் நின்றாள்.

இறங்கியதும் அங்குமிங்கும் பார்த்தார். "எங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க டீச்சர்" என்றார். "நாளைக்கும் வரன்."