சைலன்சர் மாற்றிய பிறகு

ஆகஸ்ட் 2, சனி

காலையிலேயே வெயில். மலை உச்சியில் மட்டும் ஒரு துண்டு மேகம். கார் வந்துவிட்டது. சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்து ஒரு மாதமாக டிராக்டர் போலச் சத்தம். சேகர்தான் மாற்றிக் கொடுத்தான். என் கொழுந்தன், இவருடைய ஒரே தம்பி. செங்கம் ரோட்டில் பட்டறை. வெளியே கொடுத்தால் இவருக்குக் கோபம் வரும்.

சத்தம் போயிற்று. ஆனால் வேங்கிக்கால் வருவதற்குள் ஸ்டியரிங்கில் நடுக்கம். சிக்னலில் நின்றால் சீட்டே குலுங்குகிறது. சேகருக்குப் போன்.

“புது சைலன்சர் செட் ஆவணும் அண்ணி. ரெண்டு நாள் ஓட்டுங்க, சரியாயிடும்.”

துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது. கேஸ் புக் செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூட வாசலிலேயே வண்டி அணைந்துவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது. பிள்ளைகள் சிரிப்பு. ஹெச்.எம். ஜன்னலில் நின்றபடி, “சார் ஓட்டறப்ப கப்பல் மாதிரி வருமே டீச்சர் இந்த வண்டி?”

சார் என்று அவர் சொன்னது இவரைத்தான். இவரால் இப்போது ஓட்ட முடியாது. சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது. எதிரே வருவது பஸ்ஸா வேனா என்று தெரியாமல் போன பிறகுதான் ஓட்டுவதை விட்டார். அதற்குப் பிறகு, இந்த வயதில், நான் கற்றுக்கொண்டேன். வண்டி என் பெயரில். ஆனாலும் ஊருக்கு அது சார் வண்டி.

எட்டாம் வகுப்பு விடைத்தாள் பாதி திருத்தினேன்.

ஆகஸ்ட் 6, புதன்

லீவு. இவருக்குக் கண்ணில் ஊசி போடும் நாள். பாண்டிச்சேரி. கிளம்பும்போது வண்டி ஒழுங்காகத்தான் இருந்தது. செஞ்சி பஸ் ஸ்டாண்டு அருகே, நட்ட நடு ரோட்டில், நின்றுவிட்டது. பின்னால் பஸ், லாரி, எல்லோரும் ஹாரன். ஒரு ஆட்டோக்காரர் தலையை நீட்டி, “பொம்பளைங்க கைல வண்டியக் குடுத்தா இப்பிடித்தான்!”

பக்கத்தில் இருந்த இவர் அவரைவிடச் சத்தமாக: “கிளட்ச்ச ஒழுங்கா விடத் தெரியுதா உனக்கு? எத்தனை வாட்டி சொல்றது?” கூட்டத்துக்குக் கேட்கும்படி. வேண்டுமென்றே கேட்கும்படி.

யாரோ இரண்டு பேர் தள்ளிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி முடியும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்குத்தான் ஓட்ட வரவில்லையோ என்று உண்மையாகவே தோன்றியது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பௌர்ணமி. சாயங்காலம் கிரிவலக் கூட்டம், ரோடெல்லாம் அடைப்பு. வண்டியை எடுக்கவில்லை.

காலையில் கவனித்ததை எழுதி வைக்கிறேன். ஸ்டார்ட் செய்ததும் நன்றாக ஓடுகிறது. இன்ஜின் சூடு ஏறியதும் குலுங்க ஆரம்பிக்கிறது. பெட்ரோல் நெடி. புகைக்குழாய் வாயில் விரலை வைத்தால் கறுப்புக் கரி. டேங்க் முள் சீக்கிரம் இறங்குகிறது. மஞ்சள் விளக்கு ஒன்று அணையவே இல்லை. வண்டி ஆறியிருந்தால் என் கால் ஒழுங்கு, சூடானால் என் கால் தப்பா?

இவரிடம் சொன்னேன்.

“நீ சயின்ஸ் டீச்சர்னு வண்டிக்குத் தெரியுமா?” சிரிப்பு வேறு.

நேற்று சேகர் வந்து பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினான். பெட்ரோலில் கலப்படமாம். கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. காபி குடித்தான். அண்ணனும் தம்பியும் வாசலில் ஏதோ மெல்லப் பேசினார்கள். நான் போனதும் நிறுத்திவிட்டார்கள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இரவு மழை பெய்து காலையில் பிசுபிசுப்பு. பள்ளி முடிந்து பைபாஸில் பாஷா பாய் ஒர்க்‌ஷாப்புக்கு நேராகப் போனேன். வீட்டில் சொல்லவில்லை. பாய் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். பிறகு வண்டியை மேலே ஏற்றினார்.

“டீச்சர், கொஞ்சம் குனிஞ்சி வாங்க.”

போனேன்.

“இங்க ஒரு டப்பா இருக்கணும். கன்வெர்ட்டர். புகையச் சுத்தம் பண்றது. உள்ள வெல ஒசந்த உலோகம் இருக்கும். அத அறுத்து எடுத்துட்டு வெறுங்குழாய வச்சி வெல்டு அடிச்சிருக்காங்க.”

அதன் பக்கத்தில் ஒரு ஒயர். நுனியில் விரல் அளவு ஏதோ ஒன்று, கட்டுக்கம்பியில் கட்டித் தொங்கியது.

“இது சென்சார். குழாய்க்குள்ள புகையப் பாத்து, பெட்ரோல் ஜாஸ்தியா கம்மியானு சொல்றது. இப்ப வெளிக் காத்தப் பாத்துக்கினு கம்மி கம்மினே சொல்லுது. இன்ஜினும் ஊத்திக்கினே இருக்குது.”

“காலைல மட்டும் நல்லா இருக்கே பாய்?”

“சூடாவற வரைக்கும் இன்ஜின் இது பேச்சக் கேக்காது. நீங்க கண்டுபுடிச்சது சரிதான்.” பிறகு, “யாரு செஞ்ச வேல இது?”

தெரிந்தவர்கள் என்றேன். வெட்கமாக இருந்தது. எனக்கு என்ன வெட்கம்? தெரியவில்லை, இருந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சேகர் பட்டறை. எதிரே காபிக் கடையில் ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் கூட்டம். அவன் முதலில் சமாளித்தான். “அது அடைச்சிக்கும் அண்ணி, எடுத்துட்டா வண்டி ஃப்ரீயா ஓடும்.”

“எடுத்தது எங்க?”

துணியில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

“வித்துட்டியா சேகர்?”

“அண்ணனக் கேட்டுட்டுத்தான் அண்ணி எடுத்தேன். கஷ்டம்னு சொன்னேன், எடுத்துக்கடான்னாரு. உங்ககிட்ட சொல்லலியா?”

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை.

இவர் டிவி முன்னால். படம் சரியாகத் தெரியாது, சத்தம்தான்.

“சேகர் எடுத்தது உங்களுக்குத் தெரியுமா?”

டிவிப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு, “சொன்னா நீ விட்டிருப்பியா?”

“அன்னைக்கி செஞ்சியில நடு ரோட்ல என்னத் திட்டினீங்களே. தெரிஞ்சேதானே?”

“தம்பிய ஊர்ல காட்டிக்குடுக்கச் சொல்றியா?”

“என்னக் காட்டிக்குடுக்கலாமா?”

டிவி சத்தத்தைக் கூட்டினார்.

சோறு வடித்து வைத்தேன். கஷ்டம் என்று என்னிடம் கேட்டிருந்தால் வளையலைக் கழற்றிக் கொடுத்திருப்பேன். கொடுத்திருப்பேனா? கொடுத்திருப்பேன். திருட்டைவிட அந்தக் கிளட்ச் பேச்சுதான் அறுக்கிறது. ஒவ்வொரு முறை வண்டி குலுங்கும்போதும் பக்கத்தில் உட்கார்ந்து, காரணம் தெரிந்துகொண்டே, என் காலைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

ஆகஸ்ட் 23, சனி

பாய் சென்னையிலிருந்து கன்வெர்ட்டர் வரவழைத்துப் போட்டுவிட்டார். சென்சாரும் புதிது. விலையை இங்கே எழுதப்போவதில்லை. அவலூர்பேட்டை ரோட்டில் தனியாக ஒரு சுற்று. நின்றால் குலுங்கவில்லை. மஞ்சள் விளக்கு இல்லை. சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஓரமாக நிறுத்தி அழுதேன். கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, “இன்னாம்மா, வண்டி நின்னுபோச்சா?” என்று கேட்டாள்.

நன்றாகத்தான் ஓடுகிறது என்றேன்.

ஆகஸ்ட் 30, சனி

வீட்டில் தேவையான பேச்சு மட்டும். மாத்திரை. சாப்பாடு. தண்ணீர் மோட்டார். நாத்தனார் போன் செய்து, “குடும்பத்துக்குள்ள நடந்தத பாய்கிட்ட போய் சொல்லியிருக்கியாமே?” என்றாள். அதுதான் குற்றம் இப்போது.

புதன்கிழமை மறுபடி ஊசி. தம்பியையே கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். சரி என்றார்.

செப்டம்பர் 3, புதன்

மூட்டம். தூறல். இவர் விடிந்ததும் சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். சேகர் வரவில்லை. போன் அடித்து அடித்து நின்றது. பிறகு சுவிட்ச் ஆஃப். இவர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திரும்பத் திரும்ப அதே எண்ணைத் தேடினார். என்னைக் கேட்கவில்லை. ஊசி தவறினால் இருக்கிற பார்வையும் போகும் என்று டாக்டர் சொன்னது இரண்டு பேருக்கும் தெரியும்.

பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுச் சாவியை எடுத்தேன். வழக்கம்போல முன் கதவுப் பக்கம் வந்தார்.

“பின்னாடி உக்காருங்க.”

நின்றார். மழை தலையில் விழுந்தது. எதிர்வீட்டு அம்மா பால் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். பின் கதவு எங்கே என்று வண்டியின் மேல் கை வைத்துத் தடவிக்கொண்டே போனார். நான் திறந்துவிடவில்லை.