படத்தில் விழாத ஏழு படிகள்

கல்முனைக்குடி,
வியாழக்கிழமை.

அன்பு மகன் பஸால், அஸ்ஸலாமு அலைக்கும். கட்டார் வெயிலிலும் வேலையிலும் அல்லாஹ் உன் உடம்பைக் காத்துத் தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு உம்மா சொல்லச் சொல்லத் தங்கச்சி ஸம்றா இதை எழுதுகிறாள், என் வலது கை இன்னும் பேனை பிடிக்கவில்லை. நாங்கள் சுகம் என்று எழுது என்றேன், அவள் பேனையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், சரி, இருக்கிறோம் என்றே எழுது என்றேன். இருக்கிறோம் மகன். போன மாதம் கொழும்புக் கிளினிக்கில் டொக்டர் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு அதே குளிசைகளைத்தான் திரும்பவும் எழுதித் தந்தார், ஆறு மாதம் கழித்து வரட்டுமாம். உன் மாமா முபாறக் குளியலறையில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி அடித்துத் தந்திருக்கிறான், ஒப்பரேசன் செய்த முதுகோடு அவனும் எவ்வளவுக்குத்தான் குனிவான். பாஹிமா சாச்சியின் மகளுக்குப் பெண் குழந்தை கிடைத்திருக்கிறது. கூரையில் அந்த ஒரு தகடு இன்னும் ஒழுகுகிறது, கீழே வாளி வைத்திருக்கிறோம்.

நாள்தோறும் போனில் கதைக்கிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஓம் என்று சொல்லிவிடுகிறேன், அதுதான் காரணம். றஸ்மி லீவு முடிந்து நாளைக்குக் கட்டார் திரும்புகிறான், அவன் கையில் தருகிறேன், தனியாக இருந்து வாசி. கிளினிக் போன அன்று அந்தக் கடல் சாப்பாட்டு ரெஸ்டோரன்ட் வாசலில் எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்து நீ எவ்வளவு சந்தோசப்பட்டாய், உன் அறைப் பிள்ளைகளுக்கெல்லாம் காட்டினேன் என்றாய். இடம் நல்லதா உம்மா என்று கேட்டாய், ஓம் என்றேன். மகன், நான் அந்த இடத்துக்குள் போகவே இல்லை.

அன்றைக்குச் சாப்பிட என்று நீ போனில் அனுப்பிய ஐந்து இடங்களுக்கும் ஸம்றா முன்கூட்டியே கோல் எடுத்துக் கேட்டாள், பாவம், முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் கதைத்தாள், மறுபக்கத்தில் இருந்தவர்களுக்குப் பாதிதான் கேட்டிருக்கும். சீனச் சாப்பாட்டுக் கடையில் லிப்ட் இருக்கிறதாம், லிப்டுக்கு ஏற ஐந்து படியாம். மலாய்க் கடை மாடியில். அரபிச் சாப்பாட்டுக் கடையில் எல்லோரும் நிலத்தில் இருந்து சஹன் என்கிற ஒரே பெரிய தட்டில் சாப்பிடுவதாம், என்னை இறக்கினால் யார் திரும்ப எழுப்புவது. இன்னொன்றில் ஆளே எடுக்கவில்லை. கடைசியாக இந்தக் கடல் சாப்பாட்டு இடத்தில், வீல்செயாரில் வரலாமா என்று கேட்டாள், "ஓம் ஓம் தாராளமா வாங்க, ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார்கள். நாங்கள் கேட்டதும் பிழைதான். வரலாமா என்று கேட்டால் நோயாளியிடம் யார் வராதே என்பார்கள், எத்தனை படி என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்.

ஏழு படி. கறுப்புக் கல், முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. வேன் நின்றதும் நாலு பொடியன்கள் ஓடி வந்தார்கள், நல்ல பிள்ளைகள், குறை சொல்லக் கூடாது. "உம்மா பயப்படாதீங்க, கதிரையோட அலாக்காத் தூக்கிருவம், போன கிழமையும் ஒரு ஐயாவ இப்பிடித்தான் ஏத்தினம்" என்று சொல்லிக்கொண்டே ஒருவன் காலடியில் குனிந்துவிட்டான், இன்னொருவன் முதுகுப் பக்கம் கை வைத்தான். ஐயாவைத் தூக்கலாம் மகன், என்னை எப்படி. நான் அபாயாவைக் கால் வரைக்கும் இழுத்துப் பிடித்துக்கொண்டு வேண்டாம் வேண்டாம் என்கிறேன், "நாங்களும் உங்கட மகன் மாதிரித்தானே உம்மா" என்கிறான் அவன். மகன் மாதிரி வேறு, மகன் வேறு. முபாறக் மாமா என் கூடப் பிறந்தவன், அவன் தூக்கலாம், அவனுக்கு முதுகு இல்லை. பிறகு மேனேஜர் வந்து, பின்பக்கம் சரிவு இருக்கு, மீன்பெட்டி வாற வழி, குசினியால கொண்டு போவம் என்றார். மாமா போய்ப் பார்த்துவிட்டு வந்தான், ஐஸ் தண்ணீரும் செதிலும் கேஸ் சிலிண்டரும்தானாம். நான் மாட்டேன் என்றேன். "கேளுங்க மகனுகள், முப்பது வருசம் மீன் யாவாரிட பொஞ்சாதியா இருந்தவ, மீன் போற வழியால போகமாட்டாவாம்" என்று மாமா சொல்ல அந்தப் பொடியன்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரிக்காமல் என்ன செய்வது. உன் வாப்பா இருந்திருந்தால் அவரே என்னைத் தூக்கிக்கொண்டு ஏறியிருப்பார், அவர் மௌத்தாகி நாலு வருசம். கடைசியில் இறால் தட்டை வெளியே கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள், படிகள் படத்தில் விழாமல் ஸம்றா எடுத்தாள். சாப்பிட்டது வேனுக்குள், வெயிலில், அவள் ஒவ்வொன்றாக உரித்து ஊட்டினாள். இறால் நல்லாத்தான் இருந்தது. பயண நாளில் பாத்ரூமுக்குப் பயந்து முதல் நாளே தண்ணீரைக் குறைத்துவிடுகிறேன், தொண்டை காய்ந்துபோய் விழுங்கவே கஷ்டமாக இருந்தது.

இதை நான் உனக்குச் சொல்லாமலே விட்டிருப்பேன். ஆனால் நீ அடுத்த மாதம் லீவில் வந்து ஸலாஹுதீன் ஹாஜியாரின் மகள் றிபாவோடு உன் கலியாணப் பேச்சை முடிக்கிற விருந்தை அந்த இடத்திலேயே வைக்கச் சொல்லிவிட்டாய். அவர்களுடைய கொழும்பு வீடு நாலாம் மாடி, லிப்டும் இல்லை, அதனால் ரெஸ்டோரன்ட் என்றார்கள், அது அவர்கள் எனக்காகப் பார்த்ததுதான். நீயும் உம்மாவுக்குப் பழகின இடம்தானே என்று சொன்னாய், அதற்கும் நான் ஓம் என்றேன். இனி அவர்களிடம் போய் மாற்று என்று சொல்லாதே, பேசி ஒழுங்கான காரியம், இப்போதே மாப்பிள்ளை வீட்டார் கரைச்சல் என்று பெயர் வரக் கூடாது. விருந்து அங்கேயே நடக்கட்டும். நான் வீட்டில் இருந்து துஆக் கேட்கிறேன். பாஹிமா சாச்சி என் இடத்தில் இருப்பாள், மருமகளாக வரும் பிள்ளையின் கையில் போட வைத்திருக்கும் காப்பை அவளிடம் கொடுத்து விடுகிறேன், அவளே போடட்டும். எனக்கு மனவருத்தம் ஒன்றுமில்லை, களைப்புத்தான். அஸருக்குப் பாங்கு சொல்கிறது, தொழுதுவிட்டு மிச்சம் சொல்கிறேன்.

நானா, இது உங்கள் தங்கச்சி ஸம்றா. உம்மா கை கால் கழுவி ஒழுச் செய்ய உதவி, தொழுவதற்குக் கதிரையைக் கிப்லாப் பக்கம் திருப்பி விட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். மேலே உள்ளதில் உம்மா சொன்ன ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை. ஆனால் உம்மா சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்தக் காப்பை ஒவ்வொரு நாளும் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்து இடது கையால் என் கையில் ஏற்றிப் பழகுகிறார். முதலில் விரல் மொளியோடு நின்றுவிடும், இப்போது ஐந்து தரத்துக்கு மூன்று தரம் ஏறுகிறது. என் மொளி கன்றிப்போயிருக்கிறது. சாச்சி போடுவதென்றால் உம்மா ஏன் பழக வேண்டும்? எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் நின்ற பிறகு நான் வெளி ஆட்களோடு கதைப்பது குறைவு என்று உங்களுக்குத் தெரியும். இந்த முறை கேட்க வேண்டியதைக் கொப்பியில் எழுதிவைத்து வாசித்தேன், எத்தனை படி, வாசல் எத்தனை அங்குலம், பாத்ரூம் கீழேயா என்று. எட்டு இடத்துக்குக் கோல் எடுத்தேன். ஒரு இடத்தில் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள், ஆறு இடத்தில் தூக்கிருவம் என்றார்கள். எட்டாவது கொழும்பிலேயே வெள்ளவத்தைப் பக்கம் ஒரு சின்ன யாழ்ப்பாணச் சாப்பாட்டுக் கடை, மீன், இறால், கணவாய், கூழ். எடுத்தவர் செல்லத்தங்கம் என்ற அக்கா, அவருடைய கடைதான். "பொறும் பிள்ளை, அளந்துபோட்டு எடுக்கிறன்" என்று வைத்தார், இனி எடுக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன், எடுத்தார். வாசல் முப்பத்துநாலு அங்குலம், நம் கதிரை இருபத்தைந்து. ஒரு படி இருந்ததாம், மீன்பெட்டி வண்டிலுக்காகச் சீமெந்து போட்டுச் சரித்துவிட்டார்களாம். பின்வழியா என்று பயந்துகொண்டே கேட்டேன். "எங்களுக்கு ஒரு வாசல்தான் பிள்ளை, மீனும் அதாலதான் வரும், சனமும் அதாலதான் வரும்" என்றார். பாத்ரூம் கதவுதான் ஒடுக்கம், அன்றைக்குக் கதவைக் கழற்றிவிட்டுத் திரை கட்டித் தருகிறாராம், அப்போது கதிரை போகும். இறைச்சி சமைப்பதில்லை, குடிவகையும் இல்லை. பிளாஸ்டிக் கதிரைகள்தான், ஏசி இல்லை, கடலும் தெரியாது. ஹாஜியார் வீட்டார் என்ன நினைப்பார்களோ தெரியாது. நானா, நான் உங்களிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை, இடத்தை மாற்றுங்கள். ஹாஜியாரோடு கதைக்க உங்களுக்குச் சங்கடம் என்றால் நம்பரைத் தாருங்கள், நான் கதைக்கிறேன், கொப்பியைப் பார்த்து வாசிப்பேன். உம்மா ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டார், நிறுத்துகிறேன்.

மகன், உம்மா தொழுதுவிட்டேன். நான் தொழுது முடிப்பதற்குள் இவள் ஒரு பக்கம் நிறைய எழுதி வைத்திருக்கிறாள், என்ன என்று கேட்டால் நானாவுக்கு ஸலாம் எழுதினேன் என்கிறாள். இவ்வளவு நீளமான ஸலாமை நான் கண்டதில்லை. கண்ணாடி பக்கத்தில்தான் இருக்கிறது, எடுத்து வாசிக்கவில்லை, எழுதியபடியே மடித்து ஒட்டு என்று சொல்லிவிட்டேன். ஐவேளைத் தொழுகையை விடாதே, வெயிலில் வெறும் வயிற்றோடு நிற்காதே, றஸ்மியிடம் கொடுத்துவிடும் கருவாட்டை அறைப் பிள்ளைகளோடு பகிர்ந்துகொள். அல்லாஹ் உனக்கு நல்ல வாழ்வையும் குணமான துணையையும் ஊருக்கு நலமாக வந்து சேரும் நாளையும் தருவானாக, ஆமீன். கடைசியாக ஒன்று, ஞாபகம் வைத்துக்கொள். காப்பைச் சாச்சியிடம் கொடுப்பேன் என்று சொன்னேனே, இன்னும் கொடுக்கவில்லை.

இப்படிக்கு, இடது கையால் கையெழுத்து வைக்கும்
உன் உம்மா
சுபைறா