பேச்சியின் கட்டில்

செமோர்,
செவ்வாய்.

என் அன்புக்குரியவளுக்கு,

நான் மருந்து கொடுக்கும் டிரெஸராயிருக்கும் ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரி நல்லதோ, பிள்ளைப்பேற்றுக்கு இங்கே வரட்டோ என்று கேட்டிருந்தீர். மூன்று தாள் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

போன கிழமை அரசாங்க டாக்குத்தர் ஆஸ்பத்திரியைச் சோதிக்க வந்தார். வெள்ளையடித்த சுவரையும் வெறுங் கட்டில்களையும் பார்த்து, புத்தகத்தில் 'மிக நன்று' என்று எழுதினார். நோயாளிகள் குறைவாகத் தெரியட்டும் என்று, ரப்பர் மரத்தில் பால்வெட்டும் பேச்சியைக் காய்ச்சலோடு நான்தான் காலையில் அவள் குடியிருக்கும் லயத்துக்கு அனுப்பியிருந்தேன்.

அவர் கார் போனதும் லயத்துக்கு ஓடினேன். வாசலில் குந்தியிருந்தாள். உடம்பு கொதித்தது.

"தொரை போயிட்டாங்களா ஐயா? இனி நான் படுக்கலாமா?" என்றாள்.

கொண்டுவந்து படுக்க வைத்தேன். பிறகு அவள் எழும்பவேயில்லை.

நீர் அம்மாவோடேயே இரும். இங்கே வரவேண்டாம்.

நல்ல பேர் வாங்கிய,
உம்முடைய கணவன்