மாதா எங்கள் வீட்டில் நின்ற கிழமை

ஒக்ரோபர் 8, புதன்

காலையிலிருந்து தூறல். இவர் கடலுக்குப் போகவில்லை. போகாத மனுசனுக்கு நாலு தரம் தேத்தண்ணி. செபமாலை மாதம், ஒரு வீட்டில் ஓர் இரவு என்று மாதா சொரூபம் சுற்றி வருகிறது. இன்றைக்கு எங்கள் வீடு. கதிரை இரவல் வாங்க வேண்டும், கடலை ஊறப்போட வேண்டும், அலுமாரிக்கு மேலிருக்கும் குப்பையை மறைக்க வேண்டும்.

பின்னேரம் மாதா வந்தார். நீலத் துணி, நித்தியகல்யாணிப் பூ. போன வீட்டில் பிளாஸ்டிக் பூ. ஒப்பிடவில்லை, சும்மா எழுதுகிறேன்.

சனம் போன பிறகுதான் நினைவு வந்தது. அடுத்த வீடு பிலோமினா, இவருடைய தங்கச்சி. மாதாவைக் கொண்டுபோய் அடுத்த வீட்டுக்காரியின் கையில் கொடுப்பது என் வேலை. மூன்று வருடமாக அவளோடு கதை இல்லை. எங்கள் மகள் கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்றைய விருந்தில், அத்தனை பேருக்கு முன்னால், "மச்சாள், உங்கட பயற்றம் பணியாரம் கல்லு மாதிரி" என்றவள். கல்லென்றால் ஏன் நாலு தின்றாள்?

நான் அவளை எப்போதோ மன்னித்துவிட்டேன். கதைப்பதில்லை, அவ்வளவுதான்.

9, வியாழன்

மழை. சொரூபத்தின் சாயம் போகும். கோயில் மூப்பரிடம் சொன்னேன்: "இண்டைக்கும் நிக்கட்டும் மூப்பர். அனுப்ப மனம் வரேல்லை." பொய் இல்லையே. மூப்பர் கண்ணைத் துடைத்தார். "உம்மட பக்தி ஒருத்தருக்கும் வராது பிள்ளை."

மழை பத்து மணிக்கே விட்டது. அதை யாரும் கேட்கவில்லை.

10, வெள்ளி

நல்ல வெயில். ஆகவே நேர்ச்சை: அடுத்த புதன் வரை மாதா இங்கேதான். நேர்ச்சை என்றால் மூப்பரும் வாய் திறக்க ஏலாது.

வெள்ளிக்கிழமை, இறைச்சி இல்லை. ஒறுத்தலாக நண்டுக்கறி. இவர் மூன்று நண்டு ஒறுத்தார்.

செபமாலைக்கு முற்றம் நிறையச் சனம். "றீற்றாக்கா வீட்டை விட்டுப் போகமாட்டன் எண்டு மாதா நிக்கிறாவாம்," என்று ஒருத்தி மற்றவளிடம் சொன்னது காதில் விழுந்தது. நான் திருத்தவில்லை. தாழ்மைதான் காரணம். யோசித்துப் பார்த்தால், மாதாவின் எண்ணமும் அப்படி இருக்கலாம்.

11, சனி

கடலை முடிந்தது. சீனி முடிந்தது. கதிரைக்காரர் கதிரையைக் கேட்கிறார்கள்.

பிலோமினா வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்திருக்கிறாள். நேற்றும் அப்படித்தான். விறாந்தையில் வெள்ளைத் துணி விரித்த மேசை. மேசையில் ஒன்றும் இல்லை. வேலிக்குள்ளால் தற்செயலாகக் கண்ணில் பட்டது. இரண்டு தரம்.

இவர்: "நாளைக்காவது கொண்டுபோய்க் குடுமன்."

"நேர்ச்சை."

"ஆருக்கு?"

இவருக்குப் பக்தி குறைவு.

12, ஞாயிறு

சுவாமி பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் என்னைச் சொன்னார். "மாதாவைப் பிரிய மனமில்லாத ஒரு தாய்." எல்லாரும் திரும்பினார்கள். தலையைக் குனிந்தேன். நல்லகாலம், புதுச் சீலை.

பூசைக்குப் பிலோமினா வரவில்லை. மூப்பரின் மனைவி சொன்னார்: "உமக்குத் தெரியாதே? செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணத்தில ஒப்பரேசன். வயித்தில கட்டியாம். போக முந்தி ஒருக்கா மாதா வந்தால் காணும், வேறொண்டும் வேண்டாம் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறாள்."

இவருக்குத் தெரியுமாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவளின்ர பேரை எடுத்தாலே நீர் எழும்பிப் போறனீர்."

மாதாவின் முகத்தைப் பார்க்க ஏலவில்லை. துணி மடிக்கிற சாட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பின்னேரம், சனம் வருமுன் தூக்கிக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டுப் படலைதான், முழங்கையால் தள்ளித் திறந்தேன். பிலோமினா மெலிந்து போயிருக்கிறாள். மாதாவை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொன்னாள்: "மாதாவுக்கு என்னில ஏதோ கோவம் எண்டு நினைச்சன் மச்சாள். அதுதான் வரேல்லையாக்கும் எண்டு. என்ன பாவம் செய்தனான் எண்டு யோசிச்சு யோசிச்சு நித்திரையே இல்லை."

வெட்கம் பிடுங்கித் தின்றது. "மாதாவுக்கில்லை. எனக்குத்தான் கோவம்," என்றேன்.

"அதுதான் இவ்வளவு காலமும் கதைக்கேல்லையோ? ஏன் கோவம்?"

"பணியாரம்."

"எந்தப் பணியாரம்?"

அவளுக்கு நினைவே இல்லை. மூன்று வருடம் நான் தனியாகச் சண்டை பிடித்திருக்கிறேன்.

இரண்டு பேரும் இருந்து செபமாலை சொன்னோம். அவள் அழுதாள். நானும்தான்.

14, செவ்வாய்

நேற்று இவர் ஊர்காவற்றுறையிலிருந்து அவளோடு முதல் பஸ்ஸில் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அங்கேயே நிற்கிறார். இன்றைக்குப் பகல் முழுக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். நாலு மணிக்கு இவர் போன் எடுத்துச் சொன்னார். ஒப்பரேசன் முடிந்ததாம், கண் முழித்தாளாம், என்னைக் கேட்டாளாம்.

நாளைக்குப் பார்க்கப் போகிறேன். வெறுங்கையோடு போக ஏலாது. அவள் இப்போது தின்னாவிட்டாலும் இருக்கட்டும் என்று பயற்றம் பணியாரம் சுட்டேன். என் பணியாரத்தை நான் தின்பதில்லை, வருகிற ஆட்களுக்குக் கொடுப்பதுதான் வழக்கம். இன்றைக்கு ஆறவிட்டு ஒன்றைக் கடித்துப் பார்த்தேன்.

கல்லுத்தான். கடைவாய்ப் பல் ஆடுகிறது.