ஆறு பாலமா, ஏழு பாலமா?

காஜா பெராங்,
மலாக்கா.
6.1.1957

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதலாம்தான். மூன்று கடிதம் போட்டும் பதில் வராவிட்டால் எப்படி அறிவது? சிரம்பானில் தபால்காரர்கள் வேலைநிறுத்தம் என்று பத்திரிகையில் ஒன்றும் காணோம்.

பாக்கியத்தின் ஆண்டுத் திதி மாசி வளர்பிறை அஷ்டமியில், மார்ச் 9, சனிக்கிழமை வருகிறது. திதி கொடுக்க வேண்டியவர் நீங்கள். நான் அண்ணன்தான், கூட நிற்கத்தான் முடியும். லீவுக்கு இப்போதே எழுதிப் போட்டுவிடுங்கள்.

இன்னொரு சங்கதி. தீபாவளியன்று நீங்கள் வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "பாக்கியம் பயப்படல அத்தை, செங் வளைவு வரைக்கும் ஏழாவது பாலம், வீட்டுல விளக்கு எரியுதுன்னு பாடிக்கிட்டேதான் வந்தா" என்று சொன்னீர்கள் அல்லவா? அன்று முதல்தான் அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறார். வருகிறவர்களிடம் எல்லாம், "எம் பொண்ணு பாடிக்கிட்டே போயிட்டா" என்கிறார். அந்தப் பாட்டைத் திதியன்று வீட்டில் போட வேண்டுமாம். குருக்கள் என்ன சொல்வாரோ! லாரிக்காரன் ஒருவன் பாலம் பாலமாக எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போகிற அமெரிக்கப் பாட்டு அது என்று அவரிடம் சொல்லவா முடியும்?

சிக்கல் என்னவென்றால் அந்தப் பாட்டைப் பாடாத ஆளே அமெரிக்காவில் இல்லை போலிருக்கிறது. புங்கா ராயா சாலைக் கடையிலேயே மூன்று விதமாகப் பாடிய இசைத்தட்டுகள் கிடக்கின்றன. பாக்கியம் என் ரேடியோ கடையில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பாட்டுதான். ஆனால் முதல் அடியைத் தாண்டி அவள் பாடி நான் கேட்டதில்லை. விபத்து நடந்த அன்று காரில் அவள் யார் பாடிய மாதிரி பாடினாள்? அந்தத் தட்டையே வாங்கிவிடுகிறேன்.

அன்புடன்,
கருணாகரன்

---

சிரம்பான்.
17.1.1957

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். பதில் எழுதாமல் இருந்தது என் தவறுதான். மன்னித்துக்கொள்ளுங்கள். வேலை அதிகம்.

அவள் யாரைப் போலப் பாடினாள் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. பியானோ வாசித்துக்கொண்டு மெல்லப் பாடுவாரே, அவர் பாடியதாக இருக்கலாம். அவசரப்படாத பாட்டு, அத்தைக்கும் பிடிக்கும். உண்மையில், திதியன்று எதற்கு ஆங்கிலப் பாட்டு? தேவாரம் போடலாமே. அத்தையிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

லீவு கேட்டுப் பார்க்கிறேன்.

தங்கள்,
சேதுராமன்

---

காஜா பெராங்,
மலாக்கா.
27.1.1957

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தேவாரம் என்று சொல்லிப் பார்த்தேன். "அவ தேவாரமா பாடிக்கிட்டுப் போனா?" என்று அம்மா ஒரே வார்த்தையில் என்னை முடித்துவிட்டார்.

நீங்கள் சொன்ன பியானோக்காரரை வாங்கி வந்து போட்டேன். நல்ல பாடகர்தான். சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு வண்டியோட்டுகிற ஆள் மாதிரி ஒவ்வொரு பாலத்தையும் நின்று பார்த்துவிட்டுப் போகிறார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாதே தவிர, நான் ஒவ்வொரு பாலத்துக்கும் கை காட்ட, விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார். ஆறு. "ஒண்ணு கொறையுதுடா" என்றார்.

அடுத்து நான்கு ஆண்கள் சேர்ந்து பாடுவதை வாங்கினேன். கடன்காரன் துரத்துகிற மாதிரி ஓட்டம். ஒரு பாலத்தில் இறங்குவதற்குள் அடுத்த பாலம் வந்துவிடுகிறது. இதையெல்லாம் யார் கேட்டு ரசிக்கிறார்களோ! அதிலும் ஆறுதான்.

மூன்றாவது ஒரு பெண். அவள் தொடங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசியில் வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்து அவள் குரல் மட்டும் நிற்கிறது. ஏழாவது பாலம், வீட்டில் விளக்கு. மற்ற இரண்டு தட்டிலும் இல்லாத அடி, மாப்பிள்ளை! நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா ரேடியோகிராமைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்துவிட்டு, "இதான், இதான் எம் பொண்ணு" என்றார். நானும் கூடச் சேர்ந்து அழுதேன். ஒரு வருஷமாக இப்படி ஆறுதலாக அழுததில்லை நாங்கள்.

உங்கள் ஞாபகம்தான் உங்களை ஏமாற்றிவிட்டது. உங்களுக்கும் ஒரு தட்டு வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
கருணாகரன்

---

காஜா பெராங்,
மலாக்கா.
5.2.1957

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்களுக்காக இரண்டாவது தட்டு வாங்கப் போனேன். கடை முதலாளி, சீனத் தவுக்கே, அதைத் தட்டிக் காட்டி, "இனி பாரு" என்றார். இது புதுசு என்று மலாயில் சொன்னார். எனக்குத் தமிழிலும் அது சரியாகத்தான் கேட்டது.

தட்டு தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால்தான் மலாயாவுக்கு வந்ததாம். நான் நம்பவில்லை. கம்பெனி அனுப்பும் மாதப் பட்டியலைப் பிரித்துக் காட்டினார். அந்தப் பெண் அதைப் பாடியதே போன வருஷம் ஜூனில். ஏழாவது பாலம் அவளுக்காகப் புதிதாக எழுதிச் சேர்த்தது என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது.

பாக்கியம் போனது அதற்கு முன்னால், பிப்ரவரியில். ஜூனில் எழுதிய அடியை பிப்ரவரியில் எப்படிப் பாடினாள்?

இரண்டு நாளாக எல்லாக் கோணத்திலும் யோசித்துப் பார்த்துவிட்டேன். அம்மாவிடம் வாய் தவறிச் சொல்லியும்விட்டேன். அதிலிருந்து தட்டைப் போடச் சொல்வதில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். "அப்ப அவ பாடலையாடா?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டார்.

எனக்குக் கோபம் இல்லை. அன்று காரில் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

கருணாகரன்

---

சிரம்பான்.
16.2.1957

மச்சானுக்கு,

இதை நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் பண்டா ஹிலிர் திடலில் சுதந்திரத் தேதியை அறிவிக்கப் போகிறார்கள் என்று சாலை முழுவதும் வண்டிகள். இருட்டுவதற்குள் மலாக்கா சேர வேண்டும் என்று நான் ஒவ்வொன்றாக முந்திக்கொண்டு வந்தேன். அலோர் காஜா தாண்டியதும், "மெதுவா போங்க, பயமா இருக்கு" என்றாள். மூன்று முறை சொன்னாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. என் ஓட்டத்தில் அவளுக்கு நம்பிக்கை இல்லையா என்ற வீம்பு.

அவளைக் கேலி செய்யத்தான் அந்தப் பாட்டு. பாடியது நான், மச்சான். அவள் இல்லை. அந்த நால்வர் பாடுகிற வேகத்தில், ஒவ்வொரு பாலத்துக்கும் இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதித்தேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்னை இங்கயே எறக்கி விட்டுடுங்க. சொல்லியனுப்பினா அண்ணன் வந்து கூட்டிட்டுப் போகும்" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. பாட்டில் நான் ஐந்தாவது பாலத்தில் இருந்தேன். வளைவு வந்துவிட்டது.

சாவு வீட்டில் அத்தை என் கையைப் பிடித்து, "எம் பொண்ணு பயந்துச்சா?" என்று கேட்டார். இல்லை, பாடிக்கொண்டிருந்தாள் என்றேன். தீபாவளிக்கு வந்தபோது என்ன அடி பாடினாள் என்று கேட்டார். என் அறைக்குக் கீழே காப்பிக்கடையில் தினமும் அந்தப் பெண்ணின் தட்டைத்தான் போடுவார்கள். அதுதான் வாயில் வந்தது. பியானோக்காரர் என்று பிறகு உங்களுக்கு எழுதியது, நீங்கள் தேடுவதை நிறுத்த வேண்டும் என்றுதான்.

அத்தையை ஏமாற்றுவதற்காகச் சொன்னது அல்ல. அவர் முகத்தைப் பார்த்து வேறு எதையும் சொல்ல என்னால் முடியவில்லை. நீங்கள் என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம்.

சேதுராமன்

---

காஜா பெராங்,
மலாக்கா.
22.2.1957

சேதுராமன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது அம்மா கூடவே இருந்தார். சிரம்பான் முத்திரையைப் பார்த்ததும் கை வேலையைப் போட்டுவிட்டு வந்து, "படிடா" என்றார். நான் மனதுக்குள் ஒரு தடவை படித்தேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு உரக்கப் படித்தேன். பாக்கியம் ஆறு பாலத்தையும் பாடி முடித்ததாகவும், வீடு நெருங்கிவிட்ட சந்தோஷத்தில் ஏழாவதைத் தானே கட்டிச் சேர்த்ததாகவும், நீங்கள் எழுதாத ஒரு கடிதத்தைப் படித்தேன். எங்கிருந்து வந்ததோ, நிறுத்தாமல் படித்தேன். அம்மா கடைசிவரை கேட்டார். அப்புறம் முகம் மலர்ந்து, "அந்த வெள்ளக்காரிக்கு முன்னாடியே எம் பொண்ணு பாடிட்டா, பாத்தியா!" என்றார். அன்று இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டார். பக்கத்து வீட்டு வடிவாம்பாள் ஆச்சியைக் கூப்பிட்டும் சொல்லியாயிற்று.

உங்களை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப்போவதும் இல்லை. ஆனால் பொய் சொன்னதற்காக உங்களை ஏச எனக்கு வாயில்லாமல் போய்விட்டது. அதற்கும் சேர்த்து உங்கள் மேல் கோபமாக இருக்கிறது.

அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போகும் என்றாளாமே. அன்று சாயங்காலம் நான் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு உங்கள் இருவருக்காகவும் காத்திருந்தேன். செங் இங்கிருந்து ஐந்தாறு மைல்தான். இறக்கி விட்டிருக்கலாம். போயிருப்பேன். அவளைப் பின்னால் உட்காரவைத்து மெதுவாகவே மிதித்துக்கொண்டு வந்திருப்பேன்.

மார்ச் 9 காலை எட்டு மணிக்குக் குருக்கள் வந்துவிடுவார். திதியைக் கொடுங்கள். பிறகு அம்மா அந்தத் தட்டைப் போடச் சொல்வார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏழாவது பாலம் வரை கேளுங்கள். உங்கள் கையைப் பிடித்துக்கொள்வார், விடுவித்துக்கொள்ளக் கூடாது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அதற்குப் பிறகு இந்த வீட்டுக்கு வர வேண்டாம், எழுதவும் வேண்டாம். அம்மா கேட்டால் உங்களிடமிருந்து கடிதம் வந்ததாக நானே அவ்வப்போது படித்துக் காட்டிக்கொள்கிறேன்.

கார் ஓட்டிக்கொண்டு வராதீர்கள். பஸ்ஸில் வாருங்கள்.

பாக்கியத்தின் அண்ணன்,
கருணாகரன்