பதினாறிலிருந்து பத்தொன்பது வரை

17 ஆகஸ்ட் 1987, திங்கள்

பாலிகஞ்சில் முழங்கால் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி, அலிப்பூர் ஆபீசுக்குள் நுழையும்போது மணி பதினொன்று. உள்ளே கல்யாணி மறுபடியும் ஃப்ளாப்பியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஜூனில் தற்காலிகமாகச் சேர்ந்த டைப்பிஸ்ட். வீடு வீடாகப் போய்க் குழந்தைகளை எடை பார்த்த படிவங்களை, வார்டுக்கு ஒரு ஃபைலாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. மொத்தம் இருபது வார்டு. இன்றோடு பதினைந்து முடிந்தது. நல்ல கை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முடித்த ஒவ்வொன்றுக்கும் ஃப்ளாப்பியில் ஒரு நகல்!

"இவ்வளவு பெரிய டிஸ்க் இருக்கும்போது இது எதுக்கும்மா? ஊறுகாய் போடப் போறியா? எல்லாத்தையும் அழிச்சுட்டு பீரோவில வை" என்று கத்திவிட்டேன். "சரி வாஞ்சிதா" என்றாள். வாஞ்சிநாதன் என்று அப்பா ஆசையாக வைத்த பெயர். இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்கூட வங்காளிகள் மாதிரி, அண்ணா என்பதற்கு 'தா' போட்டுத்தான் கூப்பிடுகிறது.

பீரோவைப் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன்.

9 செப்டம்பர், புதன்

இருபதும் முடிந்தது. மாத முடிவில் டில்லிக்கு அனுப்ப வேண்டும். அதற்குமுன் எல்லாவற்றையும் ஒதுக்கி வைக்க old என்று ஒரு டைரக்டரி, அதாவது மெஷினுக்குள் ஓர் அறை, திறந்தேன். திறந்து மூச்சு விடவில்லை, கரண்ட் போய்விட்டது. லோட் ஷெட்டிங்குக்கு நேரம் காலமே கிடையாது. ஃபேன் நின்றதும் ஆபீசே எழுந்து டீ குடிக்கப் போனது. நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன். நகர்த்தும் வேலை நாளைக்கு.

10 செப்டம்பர், வியாழன்

போச்சு. எல்லாம் போச்சு.

காலையில் வந்ததும் ஃபைல்களை ஒவ்வொன்றாக old அறைக்குள் தள்ளச் சொல்லி, நகர்த்துவதற்கான mv கட்டளையைச் சுழலவிட்டு ஒரு நாலு வரி எழுதினேன். என்ன பெருமை எனக்கு! ஒரு நொடியில் முடிந்தது. மெஷின் ஒரு வார்த்தை பேசவில்லை. திறந்து பார்த்தால் – அறையே இல்லை. நேற்று திறந்தது டிஸ்க்கில் பதிவாகுமுன் கரண்ட் போயிருக்கிறது. அறை இல்லாததால் old என்பதை மெஷின் புதுப் பெயர் என்று எடுத்துக்கொண்டது. முதல் வார்டுக்கு old என்று பெயர் மாற்றியது. அடுத்து இரண்டாவது வார்டுக்கும் அதே பெயர், முதலாவது அழிந்தது. மூன்றாவது வந்து இரண்டாவதை அழித்தது. இப்படியே போய், கடைசியாக வந்த இருபதாம் வார்டு மட்டும் மிச்சம்.

அறை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா? ls என்று இரண்டு எழுத்து அடித்தால் மெஷினே காட்டியிருக்கும். இரண்டே எழுத்து!

இதற்குமேல் எழுதக் கை வரவில்லை, ஆனால் எழுதத்தான் வேண்டும். ஆபீஸ் தலைவர் மித்ரா சாருக்கு விஷயம் போனது. ஃபைல் காணோம் என்றதும், அந்தப் புதுப் பெண் எதையோ தட்டி அழித்திருப்பாள், சனிக்கிழமையோடு நிறுத்திவிடலாம் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அவளைக் கூப்பிட்டு விசாரித்து வீட்டுக்கு அனுப்பினார். கண்ணெல்லாம் சிவந்து வெளியே வந்தவள் என்னிடம், "நான் ஒண்ணுமே பண்ணலை வாஞ்சிதா" என்றாள்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சீ.

11 செப்டம்பர், வெள்ளி

காபியைத் தொடவில்லை என்று ஜகதா துருவித் துருவிக் கேட்டாள். சொன்னேன். என் பெண்டாட்டி என்னை அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. "அந்தப் பொண்ணு சம்பளத்துலதான் அவா ஆத்துல அடுப்பு எரியறது, தெரியுமோல்லியோ? நாளைக்குப் போய்ச் சொல்லுங்கோ. சொல்லாம ஆத்துக்கு வராதேள்."

12 செப்டம்பர், சனி

சொல்லிவிட்டேன். மித்ரா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று ஒரே கேள்வி. பிறகு, ஃபைல்களை மீட்க வழி உண்டா என்றார். இல்லை என்றேன் – அப்படித்தான் நினைத்தேன். ஃப்ளாப்பிகளை அழிக்கச் சொன்னவனே நான்தானே.

கணக்குத் தீர்த்துக்கொள்ள வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் கல்யாணி. அழித்தது நான், நீ இல்லை, சாரிடம் சொல்லியாயிற்று, உன் வேலை போகாது என்றேன். பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டாள். பிறகு மெதுவாக, "அந்த ஃப்ளாப்பி எதையும் நான் அழிக்கலை" என்றாள்.

"என்னது?"

"நீங்க கோவத்துல சொன்னீங்க. கோவம் போனப்புறம் இன்னொரு தடவை கேட்டுட்டு அழிக்கலாம்னு அப்படியே பீரோவில வெச்சேன். நீங்க பூட்டிட்டீங்க. அழிக்கலைன்னு சொன்னா அதுக்கும் திட்டுவீங்கன்னுதான்..."

ஓடிப்போய்ப் பீரோவைத் திறந்து, ஃப்ளாப்பிகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தேன். ஒன்றிலிருந்து பதினைந்து வரை அத்தனையும் இருந்தது! அப்பாடா! எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவள் எதிரிலேயே. வரட்டும், என்ன இப்போது?

பதினாறிலிருந்து பத்தொன்பது வரை இல்லை. அவள் நகல் எடுக்காததால் அல்ல. நான் எடுக்கவிடாததால்தான்.

13 செப்டம்பர், ஞாயிறு

ஆபீசுக்குப் போய், துர்கா பூஜைக்கு முன் பழைய பேப்பர்காரனுக்குப் போட மூட்டை கட்டியிருந்த படிவங்களை அவிழ்த்தேன். நாலு வார்டும் பத்திரம். மறுபடி ஏற்றப்போவது நான். கூட வந்திருந்த கல்யாணி உதவுகிறேன் என்றாள். கூடாது என்றேன்.

16 செப்டம்பர், புதன்

இரண்டு விரலால் அடிக்கிறேன். முதுகு போயே போச்சு.

21 செப்டம்பர், திங்கள்

முடிந்தது. ஜகதா இரண்டு நாள் ஆபீசுக்கே வந்து படிவத்தை வாசித்தாள். தெருப் பெயர்களை அவள் சொன்ன அழகில் ஆபீசே சிரித்தது. சரிபார்த்தது கல்யாணி. பதினேழாம் வார்டில் ஒரு கைக்குழந்தைக்கு முப்பத்தெட்டு கிலோ போட்டிருந்தேனாம். "பேஷா வளர்ந்திருக்கு வாஞ்சிதா!" என்றாள். சிரிக்கிறாள். என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், அது போதும்.

இனி முதலில் நகல். இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்து, ஒப்பிட்டு, அதற்கப்புறம்தான் பழையதை அழிப்பது. mv-யோடு i சேர்த்தால், ஏற்கெனவே உள்ள ஃபைலை அழிக்குமுன் மெஷினே கேட்குமாம். கையேட்டில் இருக்கிறது. மேசையிலேயே கிடந்த கையேடு. இப்போது மெஷினில் எல்லார் கணக்கிலும் அதை நிரந்தரமாகப் போட்டுவிட்டேன்.

6 அக்டோபர், செவ்வாய்

பூஜை விடுமுறை முடிந்து முதல் நாள். டில்லிக்கு எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. கல்யாணிக்கு இன்னும் ஒரு வருஷம் நீட்டித்து மித்ரா சார் கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் புதுக் கணக்கெடுப்பின் முதல் வார்டை old அறைக்குள் நகர்த்தினேன். பழைய முதல் வார்டும் அங்கே அதே பெயரில் இருக்கிறது என்பது எனக்கு நினைவே இல்லை. மெஷின் கேட்டது, பழையதை அழித்துவிடட்டுமா என்று. வியர்த்துப்போய், வேண்டாம் என்று n தட்டினேன். பிறகு எழுந்து போய் ஒரு டீ குடித்தேன்.

திரும்பி வந்தால் மேசைமேல் ஒரு புது ஃப்ளாப்பி டப்பா. மூடியில் காகிதம் ஒட்டி, 'ஊறுகாய்' என்று தமிழில் எழுதியிருந்தது. கல்யாணிக்குத் தமிழ் எழுத வராது. எழுத்து ஜகதாவினுடையது.

பீரோ சாவியைக் கல்யாணியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.