ஒரு வருஷத்து ஆயில்

ஜூலை 9, புதன்

ஞாயிற்றுக்கிழமை குவைத்துக்குக் கிளம்புகிறேன். இங்கே நிலக்கரி மைன்ஸில் என் கான்ட்ராக்ட் முடிந்த பிறகு கிடைத்த வேலை. நான் இல்லாத நேரத்தில் கல்பனா ஸ்கூட்டரை வைத்துக்கொண்டு அல்லாடக் கூடாதென்று, இன்றைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு டவுன்ஷிப் மெக்கானிக்கிடம் போனேன். வழக்கமாக ஊற்றும் இன்ஜின் ஆயில் வேண்டாம், ரொம்ப நாள் தாங்கும் ஃபுல் சிந்தடிக் ஊற்றுங்கள் என்றேன்.

"இவங்க ஓட்டுற ஓட்டத்துக்கு ஒரு வருஷம் கவலையில்லங்க. ஏர் ஃபில்டரை மட்டும் நடுவுல பாத்துக்குங்க, இங்க கரித்தூசி ஜாஸ்தி" என்றார் அவர்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான் கல்பனா கேட்டாள்.

"ஆறு மாசத்துல வந்துடுவேன்னு சொன்னீங்களே. அப்புறம் எதுக்குங்க ஒரு வருஷத்து ஆயிலு?"

உள்ளதைச் சொன்னால் போக விடமாட்டாள் என்றுதான் மறைத்திருந்தேன். இன்னொரு பொய்க்கு வாய் வரவில்லை.

"ரெண்டு வருஷ அக்ரிமென்ட்டு. நடுவுல லீவு கிடையாது."

சண்டை போடுவாள் என்று நினைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டினாள்.

"அப்போ அடுத்த வருஷம் நான்தான் மாத்தணும். என்ன ஆயிலுன்னு எழுதி வெச்சிட்டுப் போங்க."

டப்பாவைப் பார்த்து ஒரு தாளில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். சாப்பிடும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை என்று தெரிகிறது. அவளைக் கூப்பிடாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.